சொல் உதிர்ந்த மாட்ரிகல்

மேற்கிசையின் கதை: பகுதி 17

1547-இல் வெனிஸில் நான்கு குரல்களுக்கான ஒரு மாட்ரிகல் தொகுப்பு அச்சேறியது. வெளியிட்டவர் பெரிசோனே கம்பியோ. ஃபிளாண்டர்ஸ் பக்கமிருந்து இத்தாலிக்குப் பிழைக்க வந்த எத்தனையோ பாடகர்களில் அவரும் ஒருவர். நூலை அவர் காஸ்பரா ஸ்தாம்பா என்ற பெண்ணுக்குக் காணிக்கையாக்கியிருந்தார். கவிதையும் எழுதுவார், அருமையாகப் பாடவும் செய்வார் என்று வெனிஸின் வீட்டுக் கச்சேரிகளில் பேரெடுத்தவர் ஸ்தாம்பா. அந்தத் தொகுப்பில், ஃபெராரா அரண்மனையில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த இன்னொரு ஃபிளெமிஷ்காரரின் பாட்டு ஒன்றையும் கம்பியோ சேர்த்துக்கொண்டார். அந்த இன்னொருவர் சிப்ரியானோ தெ ரோரே. பாட்டு, ‘அங்கோர் கே கொல் பார்த்திரே’.

கம்பியோவின் பாட்டுகளை இன்று ஆய்வாளர்களைத் தவிர யாரும் தேடிப் போவதில்லை. ஓரமாக ஒட்டிக்கொண்டு வந்த இந்த ஒரு பாட்டுதான் அடுத்த அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக இத்தாலியை ஆட்டிவைத்தது. பாடியவர்களைவிட வாசித்தவர்கள் அதை அதிகம் கையாண்டார்கள். கொர்னெட்டோ வாசித்தவர், வயோல் வாசித்தவர், ஆர்கன் வாசித்தவர் என்று ஆளுக்கொரு விதமாக அதைப் பிரித்துப் போட்டுக் கோத்தார்கள். சொல்லுக்காகவே பிறந்த ஒரு பாட்டு, சொல்லே இல்லாத இசையாக எப்படி ஊர் ஊராகப் போனது என்பதுதான் இந்தப் பகுதியின் கதை.

மாட்ரிகல் என்றால் என்ன என்பதைச் சென்ற பகுதியில் விரிவாகப் பார்த்துவிட்டோம். நான்கைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு குரல் பகுதியைப் பாடுவது. சோப்ரானோவுக்கு ஒரு சிறு நூல், ஆல்ட்டோவுக்கு ஒன்று, டெனருக்கு ஒன்று, பாஸுக்கு ஒன்று. அவரவர் கையில் அவரவர் வரிதான் இருக்கும். முழுப் பாட்டும் ஒரே பக்கத்தில் யார் கண்ணுக்கும் தெரியாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

‘அங்கோர் கே’ பாட்டின் வரிகளை எழுதியவர் என்று அல்ஃபோன்சோ தாவாலோஸைச் சொல்கிறார்கள். ஐந்தாம் சார்லஸ் பேரரசரின் தளபதி, மிலானின் ஆளுநர், திஷியன் ஓவியமாகத் தீட்டிய பெரிய மனிதர். 1544-இல் செரெசோலே போரில் பிரெஞ்சுக்காரர்களிடம் சரியாக அடிவாங்கியவரும் இவரே. போரைவிடக் காதல் கவிதை அவருக்கு நன்றாகக் கைவந்தது. கருத்து எளிமையானது: உன்னைப் பிரியும்போது உயிர் போகிறது, ஆனால் திரும்பி வரும்போது கிடைக்கும் இன்பத்துக்காக எத்தனை முறை வேண்டுமானாலும் பிரியத் தயார் என்கிறான் காதலன். ‘உயிர் போவது’ என்று மாட்ரிகல் கவிஞர்கள் எழுதினால் அதற்குப் படுக்கையறைப் பொருளும் உண்டு. பாடியவர்களுக்கும் கேட்டவர்களுக்கும் அது தெரியும். அதனால்தானோ என்னவோ, பாட்டு இன்னும் வேகமாகப் பரவியது.

ரோரே இன்றைய பெல்ஜியத்தின் ரோன்ஸே ஊரில் பிறந்தவர். ஃபெராராவில் இரண்டாம் எர்கோலே கோமகனிடம் 1546 முதல் இசைத் தலைவராக இருந்தார். பிறகு பார்மா, அதன்பின் கொஞ்ச காலம் வெனிஸின் சான் மார்க்கோ தேவாலயம், மறுபடி பார்மா. 1565-இல் அங்கேயே இறந்து, அங்கேயே அடக்கமானார். பவேரியாவின் ஆல்பிரெக்ட் கோமகன் அவருடைய மோட்டெட் எனும் சமயப் பாடல்களை ஹான்ஸ் மீலிச் என்ற ஓவியரைக் கொண்டு பக்கத்துக்குப் பக்கம் வண்ண ஓவியங்களோடு எழுதவைத்தார். உயிரோடு இருக்கும்போதே ஒரு இசைக்காரருக்கு இப்படி ஒரு மரியாதை கிடைப்பது அபூர்வம். அவரை எல்லோரும் மதித்ததற்குக் காரணம் ஒன்றுதான். சொல் எதைச் சொல்கிறதோ அதை இசை செய்யவேண்டும் என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். வலி என்ற சொல் வந்தால் ஸ்வரங்கள் உரசும், பெருமூச்சு வந்தால் பாட்டு நின்று மூச்சு விடும். 1607-இல் கிளாவ்தியோ மொந்தெவெர்தியின் தம்பி ஜூலியோ செசாரே, தன் அண்ணனின் புதுப் பாணியை எதிர்த்தவர்களுக்குப் பதில் எழுதியபோது, சொல்லே எஜமானி, இசை அவளுக்குப் பணிசெய்பவள் என்னும் அந்த வழியைத் தொடங்கியவர் ரோரேதான் என்று அவர் பெயரைத்தான் முதலில் வைத்தார்.

பாட்டின் புகழுக்குச் சில சாட்சிகள் போதும். மியூனிக்கில் இருந்த ஒர்லாந்தோ தி லாஸ்ஸோ இதன் இசையை எடுத்து ஒரு மக்னிஃபிகாத் இயற்றினார். ஹாப்ஸ்பர்க் அரசவையில் இருந்த ஃபிலிப் தெ மோன்தே இதைக்கொண்டு முழுப் பூசைப் பாடலே அமைத்தார். படுக்கையறைப் பொருள் கொண்ட பாட்டு தேவாலயத்தில் மாதாவின் துதியாக ஒலித்ததைப் பற்றி யாரும் பெரிதாக அலட்டிக்கொண்டதாகத் தெரியவில்லை. 1597-இல் அச்சான ஒராத்ஸியோ வெக்கியின் ‘லாம்ஃபிபார்னாசோ’ என்ற இசை நாடகத்தில், போலோன்யாவிலிருந்து வரும் டாக்டர் கிராத்ஸியானோ என்ற அரைவேக்காட்டுப் பண்டிதர் காதலியின் ஜன்னலுக்குக் கீழே நின்று இதே பாட்டைப் பாடுகிறார், பிரிவைப் பிரசவமாக்கி, வரிக்கு வரி உளறி. பாட்டு அச்சாகி ஐம்பது ஆண்டுகள் கழித்தும் அந்த நகைச்சுவை எடுபட வேண்டுமென்றால், கூட்டத்தில் எல்லோருக்கும் அசல் மனப்பாடமாக இருந்திருக்க வேண்டும்.

அப்படி மனப்பாடமான பாட்டுதான் வாத்தியக்காரர்களுக்கு வேண்டியிருந்தது. கேட்பவருக்கு அடி தெரிந்தால்தான் அதன் மேல் என்ன செய்தோம் என்பது புரியும்.

இவர்கள் செய்ததன் இத்தாலியப் பெயர் ‘திமினுத்ஸியோனே’. ஸ்பானியர்கள் ‘குளோசா’ என்றார்கள். நீண்ட ஸ்வரம் ஒன்றை எடுத்து, அது எடுத்துக்கொள்ளும் நேரத்துக்குள்ளேயே நாலு, எட்டு, பதினாறு சிறு ஸ்வரங்களாக உடைப்பது. ஒரு சிறு எடுத்துக்காட்டு. பாட்டில் ‘சோல்’ ஒரு முழு அடி நீண்டு, அடுத்து ‘லா’வுக்கு ஏறுகிறது என்று வையுங்கள். வாசிப்பவர் அந்த ஒரு ‘சோல்’ இருந்த இடத்தில் சோல், ஃபா, மி, ஃபா, சோல், லா, ஃபா, சோல் என்று எட்டு சிறு ஸ்வரங்களை ஓட்டிவிட்டு, சரியான நேரத்தில் ‘லா’வில் வந்து இறங்குவார். கிளம்பியதும் ‘சோல்’, முடித்ததும் ‘சோல்’. கடைசியில் அசல் ஸ்வரத்துக்கே திரும்பிவிட்டுத்தான் அடுத்ததுக்குப் போகவேண்டும் என்பதற்கு நல்ல காரணம் உண்டு. மற்ற மூன்று குரல்கள் அசல் வரியை நம்பி நகர்ந்துகொண்டிருக்கின்றன. நடுவில் நீங்கள் எங்கே சுற்றினாலும், குரல்கள் அடுத்த ஸ்வரத்துக்கு மாறும் அந்த நொடியில் உங்கள் இடத்தில் நீங்கள் இருந்தால், இலக்கணப் பிழை எதுவும் நேராது. இரண்டு குரல்கள் ஐந்தாம் இடைவெளியிலேயே ஒட்டிக்கொண்டு நகர்வது அக்காலத்தில் பெருங்குற்றம். அதில் மாட்டாமல் தப்பிக்க இதுவே சுலபமான வழி.

இந்த வித்தையை முதலில் அச்சில் கொண்டுவந்தவர் சில்வெஸ்த்ரோ கனாஸி, வெனிஸ் அரசுத் தலைவரின் குழல் குழுவில் வாசித்தவர். 1535-இல் வந்த அவருடைய ‘ஃபோந்தெகாரா’ ரெக்கார்டர் குழலுக்கான நூல். மனிதக் குரலுக்கு முன்னால் எல்லா வாத்தியங்களும் ஒரு படி கீழ், ஆகவே குரலைப் பார்த்தே கற்றுக்கொள்ளுங்கள் என்று ஆரம்பிக்கிறார். ஆரம்பித்தவர், அடுத்த பக்கங்களில் எந்தத் தொண்டையும் எளிதில் செய்யமுடியாத கணக்குகளைப் போடுகிறார். ஒரே கால அளவை நாலாக, ஐந்தாக, ஆறாக, ஏழாகப் பிரிக்க நான்கு விதிகள். ஐந்தும் ஏழும் அந்தக் காலத்து ஐரோப்பிய அச்சில் பார்த்தால் கண்ணைக் கசக்கிக்கொள்ள வேண்டிய எண்கள். கனாஸியை அப்படியே பின்பற்றியவர்கள் அதிகம் இல்லை, ஆனால் அவர் திறந்த கதவு வழியாக ஒரு வரிசையே வந்தது.

அந்த வரிசையில் எனக்குப் பிடித்தவர் தியேகோ ஒர்திஸ். டோலெடோக்காரர். அப்போது ஸ்பெயினின் ஆட்சியில் இருந்த நேப்பிள்ஸில் வாழ்ந்தவர். பிற்பாடு அங்கே ஸ்பானிய வைஸ்ராயின் இசைத் தலைவரும் ஆனார். அவருடைய ‘த்ரத்தாதோ தெ குளோசாஸ்’ 1553 டிசம்பர் 10-ஆம் தேதி ரோமில் தோரிகோ சகோதரர்களின் அச்சகத்திலிருந்து வெளிவந்தது. ஒரே நேரத்தில் ஸ்பானிய மொழியில் ஒன்று, இத்தாலிய மொழியில் ஒன்று. வியாபாரம் தெரிந்த மனிதர்.

வயோல் என்பது முழங்கால்களுக்கிடையே நிறுத்தி வில்லால் வாசிக்கும் தந்தி வாத்தியம். அதைக் கற்பவர் என்ன செய்யவேண்டும் என்பதை ஒர்திஸ் ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறார். எந்தக் குரலை அலங்கரிக்கப்போகிறாயோ அதைத் தனியாக ஒரு தாளில் எழுதிக்கொள். அலங்காரம் போட நினைக்கும் இடம் வந்ததும் இந்தப் புத்தகத்தைத் திற. உன் வரியில் இருக்கும் அதே ஏற்றம் அல்லது இறக்கம் எங்கே இருக்கிறது என்று பார். அதற்குக் கீழே கொடுத்திருக்கும் மாதிரிகளில் உனக்குப் பிடித்ததை எடுத்து உன் தாளில் எழுதிக்கொள். அவ்வளவுதான். மேடையில் கண்ணை மூடிக்கொண்டு ஊற்றாகப் பொழிவதாக நாம் கற்பனை செய்யும் அந்தக் கலைக்குப் பின்னால் இப்படி ஒரு அட்டவணை இருந்தது. புத்தகத்தின் முதல் பாதி முழுக்க இத்தகைய மாதிரிகள்தான், குறிப்பாக வாக்கியம் முடியும் இடங்களுக்கு. கற்பனை வளத்தைப் பற்றி ஒரு வரிகூட உபதேசிக்காமல், வேலையை எப்படிச் செய்வது என்று மட்டும் சொல்லும் இந்தத் தொனியை நான் ரசிக்கிறேன்.

அவருக்கும் கோபம் வரும் இடம் ஒன்று உண்டு. அலங்கரிப்பதில் மூன்று வகை என்கிறார். முதல் வகை, நாம் மேலே பார்த்ததைப் போலக் கிளம்பிய ஸ்வரத்துக்கே திரும்பிவிட்டு அடுத்ததுக்குப் போவது. இதுவே குறையற்றது. இரண்டாவது, கொஞ்சம் சுதந்திரம் எடுத்துக்கொண்டு, திரும்பாமலே அடுத்த ஸ்வரத்துக்கு ஓடிவிடுவது. எப்போதாவது சிறு உரசல் வரும், ஆனால் வேகத்தில் காதில் விழாது, பாட்டுக்கும் அழகு கூடும். மூன்றாவது, பாட்டையே விட்டுவிட்டுக் காது போன போக்கில் போவது. இதை அவர் அடியோடு நிராகரிக்கிறார். அப்படி வாசித்தவர்கள் நிறைய இருந்திருப்பார்கள். இல்லாவிட்டால் அதை ஒரு வகையாகச் சேர்த்துத் திட்டவேண்டிய அவசியம் வந்திருக்காது.

மாட்ரிகலுக்கு ஒர்திஸ் எடுத்துக்கொண்டது ரோரேயுடையதை அல்ல, அவருக்கு முந்தைய தலைமுறையின் ஜாக் ஆர்காதெல்த் இயற்றிய ‘ஓ ஃபெலிச்சி ஒக்கி மியே’யை. காதலியைப் பார்க்கக் கிடைத்த தன் கண்களையே கொடுத்துவைத்தவை என்று வாழ்த்தும் பாட்டு. ஆர்காதெல்த் ரோமில் போப்பின் பாடகர் குழுவில் இருந்தவர். 1539 பதிப்பில் நமக்குக் கிடைக்கும் அவருடைய முதல் மாட்ரிகல் நூல் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக மீண்டும் மீண்டும் அச்சானது. 1590-களில் கராவாஜ்ஜோ வரைந்த ‘லூட் வாசிப்பவர்’ ஓவியத்தின் ஒரு வடிவம் இன்று செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் ஹெர்மிட்டாஜ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் வாசிப்பவரின் முன்னால் திறந்து கிடப்பது இந்த நூலின் பாஸ் பகுதிதான். ஸ்வரங்களை எழுத்து எழுத்தாகப் படிக்கும் அளவுக்குத் தெளிவாக வரைந்திருக்கிறார்.

‘ஓ ஃபெலிச்சி’யின் மேல் ஒர்திஸ் ‘ரெசெர்காதா’ எனப்படும் நான்கு வாத்திய உருப்படிகள் எழுதினார். ஹார்ப்சிகார்டில் ஒருவர் மாட்ரிகலின் நான்கு குரல்களையும் அப்படியே வாசிப்பார். வயோல்காரர் அதன் மேல் ஓடுவார். முதல் ரெசெர்காதாவில் வயோல் பாஸ் வரியைப் பிடித்துக்கொள்கிறது. கனமாக நடந்துபோகும் கீழ்ஸ்தாயி ஸ்வரங்கள் ஒவ்வொன்றிலிருந்தும் ஓட்டங்கள் கிளம்பி, மேலே ஏறி, மறுபடி கீழே வந்து அடைகின்றன. இரண்டாவதில் சோப்ரானோ வரி. எல்லோருக்கும் தெரிந்த மெட்டு அதில்தான் இருக்கிறது. இங்கே ஒர்திஸ் ஒரு சின்ன யோசனை சொல்கிறார்: ஹார்ப்சிகார்டு வாசிப்பவர் சோப்ரானோவை மட்டும் விட்டுவிட்டு மற்ற மூன்றை வாசித்தால் இன்னும் நன்றாக இருக்கும். சரியான யோசனை. அசலும் அலங்காரமும் ஒரே நேரத்தில் ஒலித்தால் இரண்டும் ஒன்றையொன்று மிதித்துக்கொள்ளும். மூன்றாவது, முதலாவதின் வழியிலேயே போகிறது.

நான்காவதில்தான் விஷயம் இருக்கிறது. அதில் வயோல் எந்தக் குரலையும் அலங்கரிக்கவில்லை. ஆர்காதெல்த் எழுதிய நான்கு குரல்களுக்கும் வெளியே, ஐந்தாவதாக ஒரு குரலை ஒர்திஸ் புதிதாக இயற்றிக் கொடுக்கிறார். அதற்கு மாட்ரிகலில் சொல் கிடையாது, ஏனென்றால் மாட்ரிகலில் அந்தக் குரலே கிடையாது. இதுவரை பிறர் வீட்டில் குடியிருந்த வாத்தியம் அதே மனையில் தனக்கென்று ஓர் அறை எழுப்பிக்கொள்கிறது. ஐந்து குரல்களும் இலக்கணம் தப்பாமல் சேரவேண்டும் என்பதால் வெறும் விரல் வேகம் இங்கே உதவாது, இயற்றத் தெரிந்திருக்க வேண்டும். வாத்திய இசைக்கென்று ஒரு பிறந்த நாள் குறிக்கச் சொன்னால் வரலாற்றாசிரியர்கள் சண்டை போடுவார்கள். நான் இந்தப் பக்கத்தின் பக்கம் நிற்பேன். ஜோர்தி சவால் இந்த ரெசெர்காதாக்களை வயோலில் பதிவுசெய்திருக்கிறார். கேட்க விரும்புபவர்கள் முதலில் இரண்டாவதையும் உடனே நான்காவதையும் கேட்டால் வித்தியாசம் சட்டென்று விளங்கும்.

இப்போது மறுபடி வெனிஸுக்கு. 1568-இல் சான் மார்க்கோ தேவாலயம் முதன்முறையாக ஒரு நிரந்தர வாத்தியக் குழுவைச் சம்பளத்துக்கு அமர்த்தியது. உதினே பகுதியிலிருந்து வந்த தல்லா காஸா சகோதரர்கள். அவர்களில் மூத்த கை ஜிரோலாமோ, கொர்னெட்டோவில் நிகரற்றவர்.

கொர்னெட்டோ இன்று அதிகம் பார்க்கக் கிடைக்காத வாத்தியம். லேசாக வளைந்த ஒரு மரத்துண்டை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, உட்புறத்தைக் குடைந்து, மறுபடி ஒட்டி, வெளிப்புறத்தை எட்டுப் பட்டையாகச் சீவி, மேலே கருப்புத் தோல் சுற்றியிருப்பார்கள். விரல்களுக்கு முன்பக்கம் ஆறு துளை, கட்டைவிரலுக்குப் பின்பக்கம் ஒன்று. அதாவது குழலின் உடம்பு. ஆனால் ஊதுவாய் ட்ரம்பெட்டுடையது, கிண்ணம் போல் குழிந்தது, அளவில் மிகச் சிறியது. உதட்டை அதிரவிட்டு ஊதவேண்டும். உதடு கொஞ்சம் தளர்ந்தால் சுருதி போய்விடும், கொஞ்சம் இறுகினால் கிறீச்சிடும். இவ்வளவு பாடுபட்டு அதை ஏன் வாசித்தார்கள் என்றால், சரியாக வாசித்தால் மனிதக் குரலுக்கு அவ்வளவு பக்கத்தில் வரும் வாத்தியம் அன்று வேறில்லை.

1584-இல் ஜிரோலாமோ தல்லா காஸா தன் நூலை வெளியிட்டார். ‘இல் வேரோ மோதோ தி திமினுயிர்’. சரியாக அலங்கரிக்கும் முறை இதுதான் என்று அடித்துச் சொல்லும் தலைப்பு. அதில் அவர் மிகவும் கவலைப்படுவது விரலைப் பற்றி அல்ல, நாக்கைப் பற்றி. வேகமாக ஓடும் ஸ்வரங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டுவது நாக்கின் வேலை. ‘தே-கே’ என்று வாசித்தால் நாக்கின் நுனியும் பின்பகுதியும் மாறி மாறி வெட்டும். கடுமையான, சண்டைக்கார ஒலி. ‘தே-ரே’ நடுத்தரம். ‘லே-ரே’ என்று வாசித்தால் நாக்கு அண்ணத்தைத் தடவிக்கொண்டு புரளும், ஸ்வரங்கள் பிரிந்தும் பிரியாமலும் உருண்டோடும். பாடகர்களின் தொண்டையில் விழும் பிருகாவுக்கு மிக நெருக்கமானது இதுதான் என்று அதற்கே முதலிடம் தருகிறார். நீங்களே வாய்க்குள் சத்தமில்லாமல் மூன்றையும் வேகமாகச் சொல்லிப் பாருங்கள், அவர் சொல்வது புரிந்துவிடும்.

‘அங்கோர் கே’யும் அந்த நூலில் இருக்கிறது. ஒரு முழு அடிக்கு எட்டு ஸ்வரம், பதினாறு ஸ்வரம் என்பதோடு அவர் நிற்பதில்லை. இருபத்துநாலு, முப்பத்திரண்டு வரை போகிறார். ரோரேயின் சோப்ரானோ கொஞ்ச நேரம் நிதானமாக நகரும், பிறகு திடீரென்று தாளே கருத்துப்போகும் அளவுக்கு ஸ்வரங்கள் நெருங்கும், மறுபடி ஒன்றுமே நடக்காததுபோல் அசல் வரி தொடரும். இந்தச் சமமின்மைதான் தல்லா காஸாவின் கைநேர்த்தி. எல்லா இடத்திலும் ஓடினால் எதுவும் ஓட்டமாகத் தெரியாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அவரைப் பின்பற்றியவர்கள் எல்லோருக்கும் அது தெரிந்திருந்ததாகச் சொல்லமுடியாது.

அதற்குப் பின் வெள்ளம்தான். தல்லா காஸாவுக்குப் பிறகு சான் மார்க்கோவின் வாத்தியக் குழுவுக்குத் தலைவரான ஜொவான்னி பஸ்ஸானோ 1591-இல் ஒரு தொகுப்பு கொண்டுவந்தார். அதிலும் ‘அங்கோர் கே’ உண்டு. அந்த நூலின் அச்சுப் பிரதி இன்று கிடையாது. 19-ஆம் நூற்றாண்டில் ஃப்ரீட்ரிஷ் கிறிசாண்டர் என்ற ஜெர்மன் அறிஞர் தன் கையால் எடுத்துவைத்த நகல் ஹாம்பர்க் நூலகத்தில் இருப்பதால்தான் அதைப் பற்றி நாம் பேசமுடிகிறது. 1592-இல் ரிக்கார்தோ ரொன்யோனி இதே பாட்டுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வடிவங்கள் தந்தார், தேர்ந்தவருக்கும் பழகுபவருக்குமாக. 1594-இல் மிலான் பேராலயப் பாடகர் ஜொவான்னி பாத்திஸ்தா பொவிச்செல்லி, ஒரே அலங்காரத்தை ஒரு தடவை காதல் வரிகளோடும், இன்னொரு தடவை தேவதூதன் இடையர்களுக்குச் செய்தி சொல்லும் கிறிஸ்துமஸ் வரிகளோடும் அச்சிட்டார். சொல் எதுவானாலும் ஸ்வரம் ஒன்றுதான். ரோரே கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ. 1596-இல், இறந்துபோன அந்த்ரேயா கப்ரியேலியின் கீபோர்டு வடிவத்தை அவருடைய உடன்பிறந்தாரின் மகன் ஜொவான்னி கப்ரியேலி வெளியிட்டார்.

இவற்றுக்கெல்லாம் முன்பே ஒரு சத்தமில்லாத நிகழ்ச்சி. 1577-இல் வெனிஸின் ஆஞ்செலோ கர்தானோ அச்சகம் ரோரேயின் நான்கு குரல் மாட்ரிகல்கள் அனைத்தையும் ஒரே நூலாகப் போட்டது. அதில் நான்கு குரல்களும் ஒன்றின் கீழ் ஒன்றாக, செங்குத்துக் கோடுகள் போட்டு, ஒரே பக்கத்தில் அச்சாகியிருந்தன. இன்று ‘ஸ்கோர்’ என்று நாம் சொல்லும் அமைப்பில் வெளிவந்த மிக ஆரம்பகால அச்சு நூல்களில் அது ஒன்று. முன்பே சொன்னேன், பாடுகிறவருக்குத் தன் வரி மட்டும் போதும். முழுப் பாட்டையும் ஒரு பார்வையில் பார்க்கவேண்டியவர் வாத்தியக்காரர்தான், அடுத்த குரல் எங்கே நகர்கிறது என்று தெரிந்தால்தான் அவரால் துணிந்து ஓடமுடியும். எல்லா வகை வாத்தியங்களிலும் வாசிக்கத் தோதாக அமைத்தது என்று தலைப்பிலேயே போட்டார் கர்தானோ. பாடுவதற்காகவே பிறந்த பாடல்களை, வாசிப்பவர்களுக்காக முழுதாகத் திறந்துவைத்தது அந்தப் பதிப்பு.

இப்படி முழுப் பாட்டையும் கண்முன் விரித்துப் பார்க்கும் பழக்கத்தின் உச்சம் ‘வியோலா பஸ்தார்தா’. பெயர் கொஞ்சம் முரடு, கலை அப்படியில்லை. சாதாரண பாஸ் வயோலைவிடச் சற்றுச் சிறியது. இதை வாசிப்பவர் ஒரு குரலோடு கட்டுப்பட்டிருக்க மாட்டார். சோப்ரானோவின் வரியில் ஆரம்பித்து, சட்டென்று பாஸுக்குக் குதித்து, வழியில் டெனரை ஒரு தொடு தொட்டு, மறுபடி உச்சிக்கு ஏறுவார். ஒரே ஆள், ஒரே வில், நாலு குரலும் அவர் கையில். ரிக்கார்தோவின் மகன் ஃபிரான்செஸ்கோ ரொன்யோனி 1620-இல் எழுதிய நூலில், ஓட்டங்கள் வாசிப்பதில் வாத்தியங்களுக்கெல்லாம் அரசி இதுதான் என்று பட்டம் சூட்டுகிறார். அந்தக் கலையில் பேர்போன ஒராத்ஸியோ பஸ்ஸானியை ‘வியோலா ஒராத்ஸியோ’ என்றே அழைத்தார்கள். ரோரே கடைசிக் காலத்தில் பணிசெய்த அதே பார்மாவின் ஃபர்னேஸே குடும்பத்தில் அவரும் பணிசெய்தார்.

எல்லோரும் கைதட்டவில்லை. ஃபிளாரன்ஸின் பாடகர் ஜூலியோ கச்சினி 1602-இல் ‘லே நுவோவே மூசிகே’ நூலின் முன்னுரையில் இந்த ஓட்டங்களை வெளுத்து வாங்கினார். உணர்ச்சியோடு பாடுவது என்றால் என்னவென்று தெரியாதவர்களின் காதைக் கிச்சுக்கிச்சு மூட்டவே இவை உண்டாயின, பாடுவதற்கு இவை தேவையே இல்லை, ஊதும் வாத்தியத்துக்கும் தந்தி வாத்தியத்துக்கும் வேண்டுமானால் பொருந்தும் என்பது அவர் கட்சி. அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. அளவில்லாமல் அலங்கரித்த சில வடிவங்களில் மாட்ரிகலைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. ஆனால் வாத்தியக்காரர்களுக்கு விட்டுக்கொடுத்த அந்த ஒரு வாக்கியத்தில் கச்சினி தெரியாமலே பெரிய உண்மையைச் சொல்லிவிட்டார். சொல்லைத் தாங்கிப்பிடிக்கும் பொறுப்பு பாடகருக்கு உண்டு, வயோலுக்கு இல்லை. அது எங்கே வேண்டுமானாலும் போகலாம்.

கச்சினியின் அதே நூலில் ஒரு பாட்டு, ‘அமரில்லி மியா பெல்லா’. ஒரே குரல், கீழே ஒரு பாஸ் வரி. சொல்லுக்குக் குறுக்கே எதுவும் வரக்கூடாது என்ற தன் கொள்கைக்கு அவரே காட்டிய மாதிரி. இங்கிலாந்திலிருந்து 1582-இல் கத்தோலிக்க நம்பிக்கைக்காக வெளியேறி, பிரஸ்ஸல்ஸில் வேலை பார்த்துக்கொண்டிருந்த பீட்டர் ஃபிலிப்ஸ் என்பவர் கைக்கு அந்தப் பாட்டு போய்ச் சேர்ந்தது. மாரென்ஸியோவின் மாட்ரிகல்களையெல்லாம் கீபோர்டுக்கு மாற்றி அலங்கரித்துக் கைதேர்ந்தவர் அவர். கேம்பிரிட்ஜில் இருக்கும் ‘ஃபிட்ஸ்வில்லியம் வர்ஜினல் புக்’ கையெழுத்துத் தொகுப்பில் அவருடைய ‘அமரில்லி’ இருக்கிறது, 1603 என்று தேதி போட்டு. பக்கம் நிறைய ஓட்டங்கள். கச்சினியின் முன்னுரை அச்சாகி மை காய்ந்திருக்குமா என்பதே சந்தேகம்.

அதோடும் முடியவில்லை. நெதர்லாந்தின் உத்ரெக்ட் நகரில் யாகோப் ஃபான் ஐக் என்ற பார்வையற்ற கலைஞர் இருந்தார். டோம் கோபுரத்தின் மணிகளை இசைப்பது அவருடைய உத்தியோகம், ரெக்கார்டர் வாசிப்பது ஆசை. 1640-களில் ஆம்ஸ்டர்டாமில் அச்சான அவருடைய ‘டெர் ஃப்ளூய்ட்டன் லஸ்ட்ஹோஃப்’ தொகுப்பில் ஏறத்தாழ 150 உருப்படிகள் இருக்கின்றன. அவற்றில் ‘அமரில்லி’யும் ஒன்று, மாற்றத்தின் மேல் மாற்றமாக. ஒர்திஸின் வயோலுக்குக் கீழே மாட்ரிகலின் மற்ற குரல்களாவது ஒலித்தன. ஃபான் ஐக்கிடம் அதுவும் இல்லை. சொல் போய், துணைக் குரல்களும் போய், ஒற்றைக் குழல் மட்டும். 1649-இல் யான்ஸ் தேவாலய நிர்வாகம் அவருடைய ஆண்டுச் சம்பளத்தை 80 கில்டரிலிருந்து 100 கில்டராக உயர்த்தியது. நிபந்தனை ஒன்றுதான்: மாலை நேரங்களில் தேவாலய வளாகத்தில் உலாவ வருகிறவர்களுக்கு அவர் அவ்வப்போது தன் குழலை வாசித்துக் காட்டவேண்டும்.